தானாக வந்த கோடுகள்

கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். மேசை முன் நாற்காலியில் சிதம்பரநாதன், சோபாவில் அவன் அக்கா அங்கயற்கண்ணி, தரையில் கிரேயான் டப்பாவோடு மகள் இன்பா, அடுப்படி வாசலை ஒட்டி முக்காலியில் மனைவி தேன்மொழி. போட்டிக்கு அனுப்பவேண்டிய படம் மேசைமேல் கிடந்தது. வான்கா என்ற ஓவியரின் படத்தைப் பார்த்து இன்பா வரைந்த, சுழன்று சுழன்று போகும் வானம். கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்திருந்தாள். நீலத்துக்குள் மெல்லிய வெள்ளைக் கோடுகள் நெளிந்தன.

"இந்த வெள்ளைக் கோடெல்லாம் எப்படிம்மா போட்டே?" என்றான் சிதம்பரநாதன், படத்தைத் தூக்கிப் பிடித்து.

"நான் போடலப்பா. அம்மா எழுதுற நோட்டுல தாள் கிழிச்சுத் தேய்ச்சேன். தானா வந்துச்சு."

தேன்மொழி படத்தின் பக்கம் திரும்பினாள். போன செவ்வாய்க்கிழமை யாருக்கும் தெரியாமல் அழுத்தி அழுத்தி எழுதிய கடிதத்தை அந்த நோட்டிலிருந்து கிழித்தெடுத்துத் தபாலில் சேர்த்திருந்தாள். அடியில் இருந்த தாளில் எழுத்தின் தடம் பதிந்திருக்கும் என்று நினைக்கவேயில்லை. முக்காலியிலிருந்தே, படத்து நிலாவுக்குக் கீழே 'அண்ணா' தெரிந்தது. அடுத்த சுழியில் 'கூட்டிக்கொண்டு போ'.

"எழுத்து மாதிரில்ல இருக்கு தம்பி," என்றாள் அங்கயற்கண்ணி.

"மாடர்ன் ஆர்ட்டுக்கா. உனக்குப் புரியாது."

சிரித்தவன், படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். பிறகு உறையையும் பேனாவையும் தேன்மொழியிடம் நீட்டினான்.

"முகவரிய நீ எழுது."

அவள் எழுத்துகளை என்றுமில்லாதபடி வலப்பக்கம் சாய்த்து எழுதிக் கொடுத்தாள்.

"உன் எழுத்து இப்படி இருக்காதே," என்றான். பதிலுக்குக் காத்திராமல் படத்தை உள்ளே வைத்து, பசை தடவி ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போடச் சொல்லி இன்பாவிடம் கொடுத்தான்.

"அக்கா, நீயும் கூடப் போய்ட்டு வா," என்றான், தேன்மொழியிடமிருந்து கண்ணை எடுக்காமல்.