பத்தாம் நம்பர் ஸ்பேனர்

நெத்திலிக்குத் தலை கிள்ளி, மஞ்சள் தூள் போட்டுப் பிசறிக்கொண்டிருந்தேன். வாசலில் இவர் கத்துவது கேட்டது.

“இன்னாடா வேல பாக்குற நீ? பத்து நாளா இதே கதையா கீது. சாயங்காலம் நல்லாத்தான் ஓடுது. காலைல தேனாம்பேட்டை சிக்னல்ல ஆஃப் ஆவுது. உள்ள ஸ்கூல் புள்ளைங்க. பின்னால பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்!”

இவர் என்றால் என் வீட்டுக்காரர், நதீம். திட்டு வாங்கியது மெக்கானிக் ஜாஸ்பர்.

போன மழையில் எங்கள் காருக்குள் தண்ணீர் புகுந்து, எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது. பழைய வண்டி. அதே கம்பெனி பெட்டி கிடைக்கவில்லை. ஜாஸ்பர்தான் அலைந்து வேறு கம்பெனிப் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினான். அன்றிலிருந்து ஐடிலிங் சரியில்லை. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும்.

“பாய், இது புதுப் பெட்டி. ஓடி ஓடித்தான் கத்துக்கும். சாயங்காலத்துக்குள்ள கத்துக்குது. காலைல எப்படி மறக்குதுன்னுதான் புரியல.”

“உனக்கே புரியலன்னா யாராண்ட கேக்கறது? வண்டியாண்டயே கேக்கட்டா?”

பக்கத்து வீட்டு சங்கரன் சார் பேப்பரை மடித்துக்கொண்டே, “டியூஷன் வெச்சுப் பாருங்க பாய், பாஸ் ஆயிடும்” என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. ஜாஸ்பர் பெண்டாட்டி ரெனிட்டா எட்டு மாசம். நெத்திலி வறுவல் என்றால் அவளுக்கு உயிர். இன்றைக்குக் கொஞ்சம் கட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஒண்ணு கேக்கறேன் பாய், கோச்சுக்காதீங்க. பேட்டரி ஒயர யாருனா கழட்டறாங்களா? அதக் கழட்டினாதான் இந்தப் பெட்டி கத்துக்கிட்டது எல்லாத்தையும் மறந்துடும்.”

என் கை அப்படியே நின்றது.

தினமும் கழட்டுவது நான்தான்.

என்னைப் பெத்த அத்தா ஷேர் ஆட்டோ ஓட்டினவர். வண்டி வீட்டுக்கு வந்ததும் ஒயரைக் கழட்டிவிடுவார், பேட்டரி இறங்காது என்று. இங்கே ஒரு நாள் பேட்டரி இறங்கி, ஸ்கூல் சவாரி போய், இவர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதிலிருந்து சாயங்காலம் இவர் மஃரிப் தொழப் போனதும் கழட்டுவேன், விடியற்காலை ஃபஜ்ருக்குப் போனதும் அடுப்படிக் கையோடு மாட்டிவிடுவேன். பழைய பெட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இவரிடம் மட்டும் சொன்னதில்லை. வண்டியை யாராவது தொட்டால் இவருக்கு ஆகாது.

“யாரு கழட்டுவா? வீட்ல ஃபிசா ஒருத்திதான். அவ வண்டியாண்டயே வரமாட்டா. தொட்டுட்டு இந்த வீட்ல இருந்துடுவாளா?”

ஜாஸ்பர் பானெட்டுக்குள் தலையை விட்டான். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. அப்புறம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“இல்ல பாய். என் தப்புதான். எனக்கு இந்தப் பெட்டிய செட் பண்ணத் தெரியல.”

எனக்கு மூச்சு வந்தது. அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அப்படியென்றால் ஒயர் காரணம் இல்லை. மீனைப் பிசற ஆரம்பித்தேன். அவனுக்குக் கட்டிக் கொடுக்க மறந்தே போனேன்.

இவர் விடவில்லை. ஜாஸ்பர் வேலை செய்யும் ஷெட்டின் முதலாளி சேட்டுக்குப் போன் போட்டார். “சேட்டு, தெரியாதுன்னு அவனே சொல்றான். இவன வெச்சுக்கினு இன்னா ஷெட் நடத்துற?”

மத்தியானமே ஜாஸ்பரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் சேட்டு. அவனுக்குப் பதிலாக மதிவாணன் வந்து, ரெண்டு ஸ்க்ரூவைத் தொட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஒயரைக் கழட்டப் போனால், அத்தா கொடுத்த பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம். அலமாரி, காய்கறிக் கூடை, சின்ன மகள் இஃப்ராவின் பொம்மைப் பை எல்லாம் தேடிவிட்டேன். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் எந்த சிக்னலிலும் எஞ்சின் அணையவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

“மதிவாணன் கை வெச்சான் பாரு! அது வேல!” என்றார் இவர்.

ஒயர்தான் காரணம் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினேன்.

நாலாம் நாள், இவர் இல்லாத நேரம், ஜாஸ்பர் வந்து வாசலுக்கு வெளியே நின்றான். பேப்பரில் சுற்றிய எதையோ நீட்டினான்.

பிரித்தேன். ஸ்பேனர். பிடியில் மஞ்சள் விரல் தடம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“பேட்டரி மேலயே கெடந்துதுக்கா. பாய் பாக்கறதுக்குள்ள பாக்கெட்ல போட்டுக்கினேன். ஒயர்லயும் மஞ்சள் இருந்துது, தொடச்சிட்டேன். இனிமே கழட்டாதீங்க.”

“உனக்கு வேல?”

“தேடிக்கினு கீறேன்கா.”

“ரெனிட்டா என்ன சொல்லுது?”

“இன்னும் அதாண்ட சொல்லல.”

போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். தெருமுனையில் எங்கள் வண்டி திரும்பியது. வாசலில் வந்து நின்றும் எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“கேட்டியா ஃபிசா? அந்தப் பயல வெரட்டினதும் எப்படி ஓடுது பாரு!”

ஸ்பேனர் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“ஏங்க... வண்டியச் சரி பண்ணது மதிவாணன் இல்லீங்க. ஜாஸ்பர்தான். தெனமும் அந்த ஒயர...”

“அம்மீ!” உள்ளே தூங்கி எழுந்த இஃப்ரா கூப்பிட்டாள்.

“போ, மொதல்ல கொழந்தயப் பாரு” என்றார் இவர். “ஒயரப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?”