பதின்மூன்றாவது புத்தகம்

செவ்வாய் மாலை, தேவாலயப் பாடகர்கள் பன்னிரண்டு பேரும் வழக்கம்போல் மூச்சுப் பயிற்சிக்காகத் தரையில் மல்லாந்து, வயிற்றின் மேல் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தியான க்வென்னோ பழக்கதோஷத்தில் பதின்மூன்று புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். மிச்சமான ஒன்று ஜன்னலோரம் வெறுந்தரையில் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் இறந்துபோன மெரெரிட் படுக்கும் இடம் அது. குழுவை நடத்தும் இத்தெல் அவளுடைய கணவர்; அந்தப் புத்தகத்தை எடுக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“நெஞ்சைத் தூக்காதீங்க. உதரவிதானம் கீழ இறங்கணும், வயிறு உப்பணும். இழுங்க.”

பன்னிரண்டு புத்தகங்கள் எழும்பின. ஜன்னலோரப் புத்தகமும் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றது.

வழக்கமாக இத்தெல் எட்டு எண்ணி “விடுங்க” என்பார். அன்று எண்ணவில்லை.

“எவ்வளவு நேரம்ப்பா புடிச்சுக்கிட்டு இருக்கறது? உசிரு போகுது,” என்று கிழவர் ஹூவல் மூச்சை விட்டார். ஒவ்வொருவராக விட, பன்னிரண்டும் இறங்கின.

ஜன்னலோரப் புத்தகம் மட்டும் அந்தரத்தில் காத்திருந்தது. இத்தெல் அந்த ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.