தகர வில்லை

பேரூராட்சிக் கொட்டகையில் கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில், ஒருநாள் குப்பை அள்ளும் பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஆபீஸ் வாசலில் இருந்த குழியில் விழுந்து அதற்கு அச்சு முறிந்திருந்தது.

"எத்தனை மாசமா இருக்கு அந்தக் குழி! யாருமே கேட்க மாட்டாங்களா?" என்று வண்டி புலம்பியது.

சைக்கிளுக்குத் தன் முதலாளி மாசிலாமணியின் ஞாபகம் வந்துவிட்டது.

"எங்க காலத்துல வருஷா வருஷம் சைக்கிள் வரி கட்டணும். கட்டினா ஒரு தகர வில்லை தருவாங்க. அதை என் கழுத்துல மாட்டிட்டு ராஜா மாதிரி போவார் மாசிலாமணி. ரோட்டுல ஒரு குழி கண்ணுல பட்டாப் போதும், நேரா வந்து இந்த ஆபீஸ் வாசல்ல என்னைக் குறுக்கே நிறுத்தி மணியடிப்பார். 'நான் கட்டின காசு எங்கய்யா போச்சு?'ன்னு கத்துவார். மறுநாளே கூடையில மண்ணு வந்துடும்."

"அப்புறம்?"

"வரியை எடுத்துட்டாங்க. ஊரே கொண்டாடுச்சு, நானும்தான். அதுக்கப்புறம் அவர் குழியைச் சுத்திக்கிட்டுப் போகப் பழகிட்டார்."

வண்டி சைக்கிளின் மணியைப் பார்த்தது. "அண்ணே, எனக்காக ஒரு தடவை மணியடிக்கக் கூடாதா?"

சைக்கிள் தன் வெறுங்கழுத்தை நினைத்துக்கொண்டது.

"மணி இருக்கு தம்பி. வில்லைதான் இல்ல."