எட்டுப் பேர், அறுநூற்று நாற்பது கிலோ

"டேய், நேத்து உருளைக்கிழங்கு தின்னவன் எவன்டா? இப்பவே சொல்லிடுங்க!"

மலாக்கி போட்ட சத்தத்தில் எடை பார்க்கிற கூடாரமே திரும்பிப் பார்த்தது. ட்ரம்கரி ஊரின் கயிறு இழுக்கும் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து அறுநூற்று நாற்பது கிலோவைத் தாண்டினால் அணி வெளியே.

"ரெண்டே ரெண்டுதான் கோச். வெண்ணெய்கூடத் தொட்டுக்கலை" என்றான் எம்மெட்.

"ரெண்டா? உன் தொப்பையைப் பார்த்தா ரெண்டு மூட்டைன்னுல்ல தெரியுது!"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரமாக வெறும் டீயில் ஓடுகிறவர்களுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

இருபத்தோரு வருஷமாக அயர்லாந்துக் கோப்பை ட்ரம்கரியை விட்டு நகர்ந்ததில்லை. ஊரில் வேறென்ன மிச்சம்? பள்ளிக்கூடத்தை மூடியாயிற்று, தபாலாபீஸ் போயிற்று, பிள்ளைகள் எல்லாம் ஆஸ்திரேலியாவில். கயிறு பிடிக்கத் தெம்புள்ள ஆண்கள் சரியாக எட்டே பேர். ஒல்லியாக ஒருத்தனை மாற்றிப் போடலாமென்றால் ஒன்பதாவது ஆள் கிடையாது. இதுவும் போனால் ஊர் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

"டெக்லனைப் பாருங்கடா! கயித்துக் கடைசியில நிக்கிறவன், நாலே மாசத்துல பதினோரு கிலோ குறைச்சிருக்கான். அவனுக்கு மட்டும் பசிக்காதா? 'ஒரு கிலோ ஏறுறவன் ஊருக்கே துரோகி'ன்னு மே மாசமே சொன்னேன். அவன் ஒருத்தன் காதுலதான் விழுந்திருக்கு!"

டெக்லன் லேசாகச் சிரித்துவிட்டு, கடைசி ஆளாக எடை மெஷினில் ஏறினான்.

மொத்தம் அறுநூற்று முப்பத்தொன்பதரை. நடுவர் எட்டுத் தொடைகளிலும் முத்திரை குத்திய பிறகுதான் மலாக்கிக்கு மூச்சு வந்தது.

இறுதிப் போட்டியில் இரண்டு அணிகளும் ஆளுக்கொரு இழுப்பு ஜெயித்திருந்தன. மூன்றாவது இழுப்பு பத்து நிமிஷம் நீண்டது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, டெக்லன் அசையாமல் கிடந்தான். கடைசியில் எதிரணி சரிந்தது. இருபத்திரண்டாவது கோப்பை!

ஏழு பேர் எழுந்து குதித்தார்கள். டெக்லன் எழவில்லை. அவன் மனைவி நோரீன் ஓடிவந்து கம்பளியைப் போர்த்தி, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரிடா சிங்கமே!" மலாக்கி கோப்பையோடு வந்தார். "உன்னாலதான்டா ஊர் மானம் பிழைச்சுது. இனிமே வயிறு முட்டத் தின்னு, யாரு கேக்கப் போறா?"

நோரீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாப்பாடு இறங்கினாத்தானே, மலாக்கி? ஜூன் மாசமே டாக்டர் புத்துநோய்னு சொல்லி, மருந்தை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கார். அதுல உடம்பு ஊதும், எடை ஏறும்னும் சொல்லியிருக்கார். இவர் போகவே இல்லை. இப்ப ஆரம்பிச்சும் பிரயோஜனமில்லையாம்." அவள் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்தினாள். "ஏன்யா எங்கிட்ட மறைச்சேன்னு நேத்து அழுதேன். 'மலாக்கி வாயால துரோகின்னு பேர் வாங்கச் சொல்றியா?'ன்னு கேட்டார்."