வேப்பிலைக் கல்

அது தொண்ணூற்றொன்று, சித்திரை. வல்லக்கோட்டைக்கு அருகே எங்கள் நிலத்தில் புதுக்கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். கிணற்றடியில் இருந்தவர்கள் நால்வர்: சுப்பராயனாகிய நான், என் மனைவி கங்கம்மாள், மகள் மஞ்சுளாவுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா கோதண்டம், கிணறு வெட்டும் சுப்பன். கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் வேறு எவனும் அங்கே இல்லை.

காலையில் சுப்பன் மேலே அனுப்பிய பலகைக் கல்லில் ஓர் இலை பதிந்திருந்தது. நடுவே ஈர்க்கு, இருபுறமும் வரிசையாகச் சிற்றிலைகள். யாரும் செதுக்கியதல்ல.

"வேப்பில. ஆத்தா வந்துட்டா" என்றாள் கங்கம்மாள்.

மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெயிலில் செங்கல்மேல் நிறுத்தினாள். மகளைக் காணாமல் அழுதழுது அவள் கண் வீங்கியிருந்தது.

உச்சிவேளையில் கோதண்டம் வந்தார். கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"தையல் கிளாஸ் மெர்சி கீறாளே, அவ அண்ணங்கூட உங்க பொண்ணு ஓடிப்போச்சின்னு வாலாஜாபாத் வரைக்கும் பேச்சு. இல்லன்னா ஆத்தா மேல கைய வச்சி சொல்லுங்க, சம்பந்தி."

எங்கள் வம்சத்தில் எவரும் பொய்ச் சத்தியம் செய்ததில்லை. துண்டைச் சரிசெய்துகொண்டு கல்மேல் கை வைத்தேன்.

"எம் பொண்ணு ஓடிப்போவல."

கைக்கு அடியில் 'டக்' என்றது.

கல் ஏடு பிரிந்து இரண்டாக விழுந்தது. உள்ளே இன்னோர் இலை. ஒரு பாதியில் மேடாக, மறு பாதியில் பள்ளமாக, அதே இலை.

கங்கம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஈரக் கல்லுங்க. வெயில்ல காஞ்சா அப்பளமாட்டம் ஏடு ஏடா வுட்டுக்கும். நேத்து எடுத்ததெல்லாம் அப்பிடித்தான் கீது, பாருங்க" என்றான் சுப்பன்.

கோதண்டம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "ஆத்தாளே சொல்லிட்டா. நடுவுல நீ இன்னாடா?"

அவர் போய்விட்டார். என்னை யாரும் மறுபடி கேட்கவில்லை, கங்கம்மாள்கூட. கேட்காதவர்களுக்கு விளக்கம் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

சுப்பராயன் பொய்ச் சத்தியம் செய்தான், கல் பிளந்தது என்று இன்றும் பேசுகிறார்கள்.

தவறு. மஞ்சுளா ஓடவில்லை. பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்துதான் வந்தாள். பெட்டி என் கையில் இருந்தது. அங்கே காத்திருந்த மெர்சியின் அண்ணனிடம் அவள் கையைப் பிடித்துக்கொடுத்தவன் நான்.