கறுப்பு டேப்புக்குக் கீழே

பென்னாகரம் சாலையோரப் பட்டறையில், மதிய வெயிலில் தகரக்கூரை படபடக்க, கோகிலவாணியின் பழைய அம்பாசடர் பானட்டைத் திறந்தபடி நிற்கிறது. ஒகேனக்கல்லுக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கும் அவளுக்கு இருப்பது இந்த ஒரு வண்டிதான். நேற்று மேட்டில் ஏறும்போது புகைந்து நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் முதசிர், எஞ்சின் சூட்டைக் காட்டத் தான் மாட்டிக்கொடுத்த டிஜிட்டல் மீட்டரின் சென்சாரை எஞ்சினிலிருந்து கழற்றி, டீக்கடையில் வாங்கிய கொதிநீர் டம்ளரில் முக்குகிறான். மீட்டர்மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை அவள் உரிக்கிறாள். சிவப்பு எண்கள் ஏறித் தொண்ணூற்றைந்தில் நிற்கின்றன. “சரியாத்தான் காட்டுது. லைட்டப் போடுங்கக்கா.” போட்டதும் எண் நூற்றிருபதுக்குத் துள்ளுகிறது, அணைத்ததும் பழைய இடத்துக்கே வருகிறது. “எர்த்து கோளாறு. லைட்டு எரிஞ்சா மட்டுந்தான் பொய் சொல்லுது. நேத்து லைட்டு போட்டிருந்தீங்களா?” “பட்டப்பகல்ல எதுக்கு பாய் லைட்டு?” அவன் எஞ்சின் பக்கம் குனிகிறான். “நீங்கதான சொன்னீங்க, அது சும்மா எகிறும், கண்டுக்காதீங்கன்னு. அதான் டேப்பு ஒட்டிட்டேன்.” ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறான். நுனியிலிருந்து பால் டீ நிறத்தில் எண்ணெய் சொட்டுகிறது. “சூடு மீறி ரேடியேட்டர் தண்ணி ஆயிலுக்குள்ள எறங்கிருச்சுக்கா. இனி இந்த எஞ்சின் ஆவாது.” லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோகிறது. டம்ளர் ஆற ஆற, சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாக, பிசகில்லாமல் இறங்குகின்றன. கோகிலவாணி விரலில் சுருண்டு கிடக்கும் டேப்பை நீவி விரித்து, எண்களின் மேல் மறுபடி ஒட்டி, ஓரம் பிரியாதபடி அழுத்தித் தேய்க்கிறாள்.