மாப்பிள்ளை எழுதியதைத் திருப்பலாமா?

மாப்பிள்ளை எழுதியதை மச்சினன் மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டான்.

எழுதியது கதையோ கவிதையோ இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போனிலேயே டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொள்ள ஓர் ஆப். மாப்பிள்ளைக்கும் மச்சினனுக்கும் ஒரே கம்பெனி, ஒரே டீம். அங்கே ஒரு சட்டம் உண்டு. யாரும் தான் எழுதியதைத் தானே ஆப்பில் சேர்த்துவிட முடியாது. இன்னொருத்தர் வரி வரியாகப் படித்து 'சரி' போட்டால்தான் உள்ளே போகும்.

மாப்பிள்ளைக்குப் போறாத காலம், படிக்கிற பொறுப்பு சொந்த மச்சினன் தலையில் வந்து விழுந்தது. மாப்பிள்ளை கம்பெனிக்குப் புதுசு, இன்னும் புரொபேஷனில் இருக்கிறார். மச்சினன் வயசில் சின்னவன், வேலையில் சீனியர்.

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "மாமா, இப்படிப் பேர் வச்சா நாளைக்கு யாருக்குப் புரியும்?", "மாமா, ஒரே வேலையை எதுக்கு இன்னொரு இடத்துலயும் செய்யறீங்க?" என்று வாய் நிறைய மாமா போட்டுத்தான் எழுதுவான். 'சரி' மட்டும் வராது.

இப்போது வந்திருப்பது, ரெண்டு பேர் ஒரே டாக்டருக்கு ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி. அப்படி யார் அமுக்கப் போகிறார்கள் என்று மாப்பிள்ளை சிரித்து மழுப்பிப் பார்த்தார். மச்சினன் சிரிக்கவே இல்லை.

வீட்டில் அவர் மனைவிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வராதா பின்னே? ஆப் வெளியாகிற சமயத்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் வேலை நிரந்தரமாகும். இவருக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கும் போட்டி. அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் எதை அனுப்பினாலும் அவருடைய சிநேகிதர் போன வேகத்திலேயே 'சரி' போட்டுவிடுகிறாராம்.

சிநேகிதனுக்கு இருக்கிற பாசம் கூடப்பிறந்தவனுக்கு இல்லையே என்று அம்மாவுக்குப் போன் போட்டு மூக்கைச் சிந்தினாள்.

அம்மாவுக்குப் புரோகிராம் என்றால் டிவியில் வருவது. ஆனால் மாப்பிள்ளை கொடுத்ததை மகன் திருப்பி அனுப்பிவிட்டான் என்பது மட்டும் பளிச்சென்று புரிந்தது. அது போதாதா? அன்றைக்கு அவன் சாப்பிட உட்கார்ந்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது ஆபீஸ் விஷயம்மா."

"ஏன், ஆபீஸுக்குப் போயிட்டா அவரு நம்ம மாப்பிள்ளை இல்லைன்னு ஆயிடுமா?"

இதற்கு எந்தக் கம்பெனிச் சட்டத்திலும் பதில் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். ஆனால் மசியவில்லை.

அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள். வீட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லியும் அனுப்பினாள். அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்கும் மசியவில்லை, அப்படி ஒரு பிடிவாதம்.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தினார். கெடு முடிகிற சமயத்தில்தான் ஒருவழியாக 'சரி' வந்தது.

வெளியிடுவதற்கு முன்னால் டீம் லீடர் ஆபீஸில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு போனைக் கொடுத்து, ஒரே டாக்டருக்கு ஒரே சமயத்தில் அமுக்கச் சொன்னார். மாப்பிள்ளை போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. ஆப் ஒருத்தருக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு அடுத்தடுத்த நேரத்தைக் காட்டியது. அவர்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

பக்கத்து சீட்டுக்காரர் எழுதியிருந்தது, வாங்கிய நேரத்தை ரத்து செய்கிற பகுதி. ஒரே ஒருத்தர்தான் ரத்து செய்தார். அறையில் இருந்த எல்லோருடைய நேரமும் காணாமல் போனது.

இதைப் படித்துப் பார்த்தீர்களா என்று லீடர் அந்தச் சிநேகிதரைக் கேட்டார்.

"நம்ம ஆளு எழுதினதாச்சேன்னு..." என்று அவர் இழுத்தார்.

மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. கூடவே, மற்றவர்கள் எழுதுவதைப் படித்து 'சரி' போடுகிற அதிகாரமும் கிடைத்தது.

சேதி கேட்டதும் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் தம்பி ஞாபகம் வந்து அழுகையே வந்துவிட்டது. தானாகவே போன் செய்து அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அம்மாவும் வந்துவிட்டாள். நேர்மையில் தன் பிள்ளை அப்படியே தன்னைப் போல என்று கொஞ்சமும் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், உன்னைத் திட்டாத நாள் இல்லை. நீ மட்டும் பாசம் பார்த்து விட்டிருந்தேன்னா, இன்னிக்கு நான் வேற வேலை தேடிக்கிட்டு இருப்பேன்."

மச்சினன் நெளிந்தான். அக்காவும் அம்மாவும் சமையலறைக்குள் போகிறவரை பொறுத்திருந்தான். பிறகு நாற்காலியை மாமா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, நான் எழுதினது ஒண்ணு உங்ககிட்ட வந்திருக்கும். ரொம்பக் குடையாதீங்க. நம்ம வீட்டுப் பையன்தானேன்னு ஒரு 'சரி' போட்டு விட்டுடுங்க."